திறந்த வாயிலும் உருகும் பனியும்

நெகிரி செம்பிலானில் ரந்தாவுக்கு அணித்தாயுள்ள ஒரு தோட்டத்துப் படிப்பகத்திலே, மாலைக் கூட்டமொன்றில், இளைஞர் ஒருவர் நம்மை நோக்கி ஒரு வினா விடுத்தார். நாம் அப்பொழுதுதான் இமயத்துப் பனியாறு ஒன்றைக் கண்டு மீண்டிருந்தோம். கண்டவற்றை விரித்துரைத்தோம். முடிவில், "அவ்விடத்தை மக்கள் கூட்டங்கூட்டமாக மிதித்தல் நன்றன்று, அது நாளுக்குநாள் தேய்ந்துகொண்டிருக்கிறது" என்று ஒரு சொல் சொல்லி அமர்ந்தோம். அவ்விளைஞர் உடனே எழுந்தார். "ஐயா, தாங்கள் கண்டுவிட்டீர்கள். இனி நாங்கள் காணலாகாது என்கிறீர்கள். இதைத்தானே அன்று துரைமார் நமக்குச் சொன்னார்கள்? இதைத்தானே கோயிற் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களும் சொன்னார்கள்?" என்றார்.

அவை சிரித்தது. நாமும் உடன் சிரித்து வைத்தோம். ஆயினும் அன்றிரவு நமக்கு உறக்கம் கொள்ளவில்லை. இளைஞர் கேட்டதில் குற்றம் யாதும் இல்லை. நம் சொல்லிலே குற்றம் இருந்தது. அதனை நம்மால் முடிந்தவரை ஆய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

சீர்திருத்தம் பேசி வளர்ந்த நமக்கு ஒரு விடை மனப்பாடம்: அடைத்த கதவைத் திற. 1924-ஆம் ஆண்டு வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருவில் கால் வைத்து நடக்கும் உரிமைக்காக மக்கள் சிறை புகுந்தனர். 1936-இல் திருவிதாங்கூர் அரசின் கோயில்கள் சாதி வேறுபாடின்றித் திறக்கப்பட்டன. 1939-இல் மதுரை மீனாட்சி கோயிலுள், அதுகாறும் வெளியே நிறுத்தப்பட்டிருந்தோர் புகுந்தனர். மலாயாவிலும் அடைத்த கதவுகள் உண்டு. 1922-இல் பிரேசர் மலை குளிர்வாசத்துக்கெனத் திறக்கப்பட்ட காலத்தில் அது வெள்ளையர்க்கே திறக்கப்பட்டது. நம்மவர் அதுபோன்ற இடங்களுக்கு ஏறியதெல்லாம் பெரும்பாலும் ஏவல் செய்யவே. ஆதலின் "இவ்விடத்துக்கு எல்லோரும் வரலாகாது" என்று எவர் சொன்னாலும் நம் இரத்தம் கொதிப்பது இயற்கை. கொதிக்கவே வேண்டும்.

ஆனால் ஒன்று நோக்குக. தெருவில் பதின்மர் நடந்த இடத்தில் ஆயிரவர் நடந்தமையால் வைக்கத்துத் தெரு சுருங்கிவிடவில்லை. பள்ளியில் நூறு பிள்ளைகள் படித்தால், பத்துப் பிள்ளைகள் கற்ற எழுத்து பத்திலொன்றாகத் தேய்ந்துபோவதில்லை. இத்தகைய பொருள்களுக்குக் கதவைத் திறத்தல் ஒன்றே அறம். வேறு பேச்சுக்கு இடமில்லை. பனியாறு இத்தகைய பொருள்தானா? கதவைத் திறந்தால் உள்ளிருப்பது குறையுமாயின் அப்பொழுது அறம் யாது? இவ்வினாவை நாம் இதுகாறும் நமக்குள் எழுப்பிக்கொண்டதே இல்லை. எழுப்பவேண்டிய தேவையும் நேரவில்லை. நமக்கு அடைத்த கதவுகளே அத்துணை இருந்தன.

பனி என்னும் சொல்லை முதலில் எண்ணுவோம். தோட்டத்தில் பிறந்தவர்க்குப் பனி என்பது, விடியுமுன் பெரட்டுக் களத்தில் நிற்கும்பொழுது தோளில் இறங்கும் ஈரக் குளிர். பால்வெட்டுக் காட்டில் புல்நுனியில் நின்று காலை நனைப்பதும் பனியே. தமிழர் அச்சொல்லையே இமயத்தின் வெண்மைக்கும் வைத்தனர். பனியாறு என்பது பின்னர் வந்த சொல். பொருளுக்கு மிகப் பொருந்திய சொல். மலையுச்சியில் ஆண்டுதோறும் விழும் பனி, கோடையில் முற்றும் உருகாது சிறிது எஞ்சுகிறது. எஞ்சியதன்மேல் அடுத்த ஆண்டின் பனி விழுகிறது. இவ்வாறு பல நூறாண்டுகள் அடுக்கிய பனி, தன் பாரத்தாலேயே இறுகிக் கட்டியாகி, சரிவிலே ஆறுபோல் நகர்கிறது. அந்நகர்ச்சி கண்ணுக்குத் தெரியாது. கிராணியார் எழுதும் கணக்கைப் போன்றதுதான் இதுவும்: மேலே வரவு, கீழே செலவு. வரவு மிகுந்தால் பனியாறு நீளும். செலவு மிகுந்தால் குறுகும். இன்று உலகின் பெரும்பாலான பனியாறுகளில் செலவே மிகுந்து நிற்கிறது.

பனியாறுகளுள் சில, நிலநடுக்கோட்டை அடுத்த நியூகினித் தீவில், புன்சாக் ஜயா என்னும் சிகரத்தில் இருந்தன. 1623-இல் யான் கார்ஸ்டென்ஸ் என்ற டச்சு மாலுமி அவ்வெண்மையைக் கடலிலிருந்து கண்டு சொன்னபொழுது, வெப்ப நாட்டில் பனியா என்று ஐரோப்பியர் நகைத்தனர். 2022-ஆம் ஆண்டளவில் அங்கே எஞ்சியது ஏறத்தாழக் கால் சதுர கிலோமீட்டர். அங்கு யாத்திரிகர் கூட்டம் இல்லை, படியும் இல்லை, விடுதியும் இல்லை. மக்கள் கூட்டம் மிதியாமலே அது அழிந்துகொண்டிருக்கிறது. இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க, பின்னர் வேண்டும்.

நாம் சென்றது கேதாரத்துக்கு. நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து ஒன்பதின்மர் சேர்ந்து சென்றோம். எண்மர் வழிபாட்டுக்கு வந்தவர்கள். நாம் பனியாறு காண வந்தவர். புண்ணியம் பற்றி அவர்களோடு நாம் வழக்காடவில்லை. அவர்களும் நம்மைத் திருத்த முயலவில்லை. அவர்களுள் எழுபது கடந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். பதினான்கு வயதில் உளி பிடித்தவர். ஐம்பதாண்டுக்குக் குறையாமல் காண்டா வாளி சுமந்தவர். இக்கட்டுரையில் நாம் கற்றுக்கொண்டதாகச் சொல்வனவற்றுள் நல்லவை பெரும்பாலும் அவருடையவை.

கௌரிகுண்டத்திலிருந்து கேதாரம் இப்பொழுது 16 கிலோமீட்டர் ஏற்றம். பழைய வழி இதனினும் குறுகியது. 2013-ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப்பின் ராம்பாடாவிலிருந்து எதிர்க்கரையில் புதுவழி வெட்டினர். வழிநடையில் இளைத்தவர்க்குக் கோவேறு கழுதை உண்டு, பல்லக்கு உண்டு, பணமுள்ளவர்க்கு ஹெலிகாப்டர் உண்டு. இவற்றோடு இன்னொன்றும் உண்டு: மூங்கிற் கூடையிலே ஆளை உட்காரவைத்து, அக்கூடையை நெற்றிப் பட்டையால் இழுத்துக்கட்டி, ஒரு மனிதர் மற்றொரு மனிதரை முதுகில் சுமந்து ஏறுவது. சுமப்போர் பெரும்பாலும் நேபாளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

மூதாட்டிக்கு முழங்கால் வலி. கூடை சுமக்கும் இளைஞர் ஒருவர் அவரிடம் வந்து கைகூப்பி நின்றார். அம்மையார் அவரது தோளைத் தொட்டுப் பார்த்தார். தோளிலே தழும்பு ஏறியிருந்தது. "எனக்கும் இந்த எடத்துலதான் காச்சுக் கெடக்கு, தம்பி" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, கூடையில் ஏற மறுத்தார். அவருடைய செயல் நமக்கு மிக உயர்ந்ததாகத் தோன்றியது. ஆனால் அவ்விளைஞரின் முகம் வாடியதையும் கண்டோம். நம் உயர்ந்த கொள்கையால் அவருக்கு அன்று கூலி இல்லை. அம்மையார் இதனை நமக்கு முன்னரே உணர்ந்துகொண்டு, தம் மூட்டையை அவரிடம் தந்து, ஆளைச் சுமக்கும் கூலியைப் பேசிக் கொடுத்தார். பின் இரண்டு நாளில், லிஞ்சோலியில் ஓரிரவு தங்கி, கோல் ஊன்றி ஏறினார். நாமோ ஒரே நாளில் ஏறி, உயரக் காற்றுப் பற்றாமல், மறுநாள் முழுதும் தலைவலியோடு படுத்துக் கிடந்தோம்.

கேதாரம் 3,580 மீட்டர் உயரத்தில் உள்ளது. சம்பந்தரும் சுந்தரரும் இத்தலத்தைப் பாடியிருக்கின்றனர்; ஆனால் இங்கு வந்து பாடினாரல்லர், காளத்தியில் நின்றபடியே பாடினர் என்று பெரியபுராணம் கூறும். செல்லாமலே ஓரிடத்தை அன்பு செய்யக்கூடும் என்பதற்கு நம் மரபிலே இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது. இதனை அன்று படிப்பகத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவ்விளைஞர், "அவர்களைத் தடுத்தார் எவர்? எங்களைத் தடுக்கிறீர்களே" என்று கேட்டிருப்பார். அதுவும் சரியே.

ஊருக்குமேல் மூன்று நான்கு கிலோமீட்டர் ஏறினால் சோராபாரிப் பனியாறு. அதன் பக்கத்தில் ஓர் ஏரி இருந்தது. 1948-இல் காந்தியடிகளின் சாம்பலில் ஒரு பகுதியை அதில் கரைத்தனர்; அன்றுமுதல் காந்தி சரோவரம் என்று பெயர். ஏறத்தாழ 400 மீட்டர் நீளமும் 200 மீட்டர் அகலமும் உடையது. மழையும் உருகிய பனியும் அதில் வந்து தேங்கும். வெளியேற வாய்க்கால் இல்லை. பனியாறு தன் பக்கத்தே தள்ளிக் குவித்த கல்லும் மண்ணுமே அதற்குக் கரை. 2013 ஜூன் 15-ஆம் நாள் மாலைமுதல் ஒரு நாளில் மட்டும் அங்கே 325 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. 16-ஆம் நாள் மாலை ஒரு வெள்ளம் வந்து ராம்பாடாவை வழித்தெடுத்தது. 17-ஆம் நாள் காலை ஏழு மணிக்குச் சற்றுமுன் ஏரிக்கரை உடைந்தது. சில நிமிடங்களில் ஏரி முழுவதும் காலியாயிற்று. அந்நாள்களில் அம்மாநிலத்தில் மாண்டோரும் காணாமற்போனோரும் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்.

கோயிலுக்குப் பின்னே ஒரு பெரும்பாறை கிடக்கிறது. வெள்ளத்தில் உருண்டுவந்து அங்கே தங்கி, நீரை இருபுறமும் பிரித்துவிட்டமையால் கோயில் தப்பிற்று. அதனை மக்கள் தொழுகின்றனர். நம் கூட்டத்தாரும் தொழுதனர். மூதாட்டியும் கை கூப்பினார், கூப்பிய கையோடே நம்மிடம், "கோயிலுக்கு ஒரு கல்லு வந்துச்சு. சனத்துக்கு ஒண்ணும் வரலையே, தம்பி" என்றார். பகுத்தறிவைப் பற்றி நாம் மேடைதோறும் பேசியிருக்கிறோம். அந்த ஒரு சொல்லுக்கு ஈடாக நாம் பேசியது எதுவும் நினைவுக்கு வரவில்லை.

ஏரியை உடைத்தவர் யாத்திரிகர் அல்லர், மழையே உடைத்தது. இதை மறைத்து யாத்திரிகர்மேல் பழி போடுதல் பொய்யாகும். ஆனால் ஆறு விட்டுச்சென்ற பழைய தடத்திலே விடுதிமேல் விடுதியாகக் கட்டி, அதிலே ஆயிரக்கணக்கானோரைப் படுக்கவைத்தது மழையன்று.

ஏரி இருந்த இடத்தை வழிகாட்டி ஒருவர் துணையோடு சென்று பார்த்தோம். நீர் இல்லை. சாம்பல் நிற வண்டலும் கற்களும். ஒரு பக்கத்தில் கரை உடைந்த வாய் அப்படியே திறந்து கிடந்தது. தஞ்சையிலும் புதுக்கோட்டையிலும் உடைந்த ஏரிக்கரைகளைக் கண்டவர்க்கு இது புதிதன்று. புதிது எதுவெனில், இவ்வளவு சிறிய ஓரிடத்திலிருந்து அவ்வளவு சாவு இறங்கியது என்பதே. அதற்கப்பால் பனியாறு. வெள்ளியென மின்னும் ஒன்றை எதிர்நோக்கிச் சென்ற நமக்கு முன்னே கிடந்தது, கல்லும் மண்ணும் போர்த்த ஒரு கருமேடு. கீழ்ப்பகுதி முழுவதும் அவ்வாறே. மேலே, சிகரத்தின் மடியில் மட்டும் வெண்மை. கல் விலகிய ஓரிடத்தில் நீலமாக ஒரு சுவர் தெரிந்தது. அதிலிருந்து சொட்டுச்சொட்டாக நீர் ஒழுகியது. 1960-களிலிருந்து இன்றளவில் இப்பனியாறு சில நூறு மீட்டர் பின்வாங்கியிருக்கிறது.

அம்மேட்டிலும் உயிர் இருந்தது. பாறையிடுக்கிலிருந்து வாலற்ற எலி போன்றதொரு சிற்றுயிர் தலைநீட்டி, வாயில் புல்லோடு ஓடி மறைந்தது. அது முயலினத்தைச் சேர்ந்ததாம், பைக்கா என்பர். குளிர்காலத்துக்காகப் புல்லை வெட்டி உலர்த்திச் சேர்த்து வைக்கும் உழைப்பாளி. மஞ்சள் அலகுடைய மலைக்காகங்கள் நம் உணவுப் பொட்டலத்தின்மேல் கண்ணாயிருந்தன. கீழே காட்டு விளிம்பில் மோனால் என்னும் வண்ணக் கோழியை ஒருமுறை கண்டோம். நீலமும் பச்சையும் செம்பும் கலந்த அதன் மேனி வெயிலில் திரும்பிய ஒரு கணம் போதும், வந்த களைப்புத் தீர. இப்பகுதியெல்லாம் 1972-இல் வனவுயிர்க் காப்பிடமாக வகுக்கப்பட்டது; 975 சதுர கிலோமீட்டர்; கஸ்தூரி மானைக் காப்பதே முதல் நோக்கம். நாம் கஸ்தூரி மானைக் காணவில்லை. காணாதது பற்றி வருந்தவும் இல்லை. நாம் அங்கிருந்த சிறுபொழுதில் பள்ளத்தாக்கின் வழியே ஹெலிகாப்டர்கள் மேலும் கீழுமாகப் போய்வந்துகொண்டேயிருந்தன. ஒவ்வொன்றும் கடக்குந்தோறும் பைக்கா புல்லைப் போட்டுவிட்டுப் பொந்துக்குள் பாய்ந்தது. இரைச்சல் அடங்கியபின் வெளிவந்து, விட்ட புல்லைத் தேடும். மீண்டும் இரைச்சல். அதன் ஒரு நாள் வேலையில் எத்தனை பங்கு வீணாயிற்றோ! அவை 600 மீட்டருக்குத் தாழப் பறக்கலாகாது என்று இந்திய வனவுயிர் நிறுவனத்தார் கூறியிருக்கின்றனர்.

இனி வழக்குக்கு வருவோம். காணச் செல்பவனால் பனியாற்றுக்குக் கேடு உண்டா? நடந்து செல்பவன் மூச்சுக்காற்றால் பனி உருகிவிடாது. புன்சாக் ஜயாவை மக்கள் கூட்டம் மிதியாமலே அது தேய்ந்தது என்றோமே! கேடு மிதியில் இல்லை. உலகெங்கும் எரியும் எண்ணெயிலும் நிலக்கரியிலும் இருக்கிறது. அவற்றின் புகை வான்வெளியில் போர்வையாகி வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. எரிந்த காட்டின் கரியும் பனிமேல் படிகிறது. கரிய பொருள் வெயிலை உறிஞ்சுவதை வெயிலில் கிடந்த தகரத்தை மிதித்தவர் அறிவர். 1997-இலும் 2015-இலும் 2019-இலும் சுமத்திராவின் புகைமூட்டம் சிரம்பான் வானத்தை மூடியபொழுது, புகைக்கு எல்லைக்கோடு இல்லை என்பதை நாம் மூக்காலேயே கற்றோம். ஆயின் நம்மை மலேசியாவிலிருந்து டில்லிக்குக் கொண்டுசென்ற விமானத்தின் புகை எங்கே போயிற்று? அப்போர்வைக்குத்தான் போயிற்று. நம் பங்கு ஒரு நூலிழை. "ஓர் இழையால் என்ன ஆகிவிடும்?" என்பதே நெய்தவர் எல்லோரும் சொன்ன சொல்.

தோட்டத்தாருக்கு இதனை விளக்கப் பெரிய நூல்கள் வேண்டா. பால்வெட்டில் உளி சற்று ஆழப் பாய்ந்தால் மரத்தில் காயம் விழும். ஒரு காயத்தால் மரம் சாகாது. ஆனால் அந்நிரையில் மாறிமாறி வெட்டும் ஒவ்வொருவரும் "நான் போட்டது ஒரு காயந்தானே" என்று போனால், மரம் பட்டைகெட்டுப் பாலற்றுப் போகும். அப்பொழுது மண்டோர் எவரைக் கேட்பார்? ஆதலின்றோ பட்டையை மெல்லிதாகச் சீவக் கற்பித்தனர். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறையும் வைத்தனர். ஓய்வு கொடுத்த மரம் இருபத்தைந்து முப்பது ஆண்டு பால் தரும். வேறொரு வெட்டும் தோட்டத்தில் உண்டு. வீழ்த்துவதற்கென்று குறித்துவிட்ட பழைய மரத்தை, ஏணி வைத்து மேலும் கீழும் வெட்டி, மருந்து தடவி, இனி யாருக்கு என்று கடைசிச் சொட்டுவரை உறிஞ்சும் வெட்டு. "பனியாறுகள் எப்படியும் அழியப்போகின்றன, அழியுமுன் ஓடிப்போய்ப் பார்த்துவிடுவோம்" என்று இன்று உலகெங்கும் செல்வர் கப்பலிலும் விமானத்திலும் விரைகின்றனரே, அந்த விரைவைக் காணும்பொழுது நமக்கு இவ்வெட்டுத்தான் நினைவுக்கு வருகிறது. நாமும் அவ்விரைவோடுதான் போனோமோ என்ற ஐயம் நம்மை விடவில்லை.

எனினும் இளைஞரின் பக்கம் ஒரு பெருவழக்கு இருக்கிறது. 1910-ஆம் ஆண்டை ஒட்டி இரப்பர் விலை வானளாவ ஏறியது எதனால்? மேல்நாட்டில் மோட்டார் வண்டிகள் பெருகியதனால். அவ்வண்டிகளின் சக்கரத்துக்கு ரந்தாவிலும் லாபுவிலும் பகாவிலும் நம் பாட்டன்மார் காட்டை அழித்தனர். நம் பாட்டிமார் பால் எடுத்தனர். வண்டி ஓடியது, புகை எழுந்தது, இமயத்தில் பனி உருகத் தொடங்கியது. அவ்வண்டியில் நம் பாட்டி ஏறினாரா? இல்லை. லயத்திலிருந்து வெளிக்காட்டுக்கும், வெளிக்காட்டிலிருந்து பால் ஸ்டோருக்கும் நடந்தார். நூறாண்டு ஊர்ந்து திரிந்தவர்கள் உலகமெல்லாம் பார்த்து முடித்துவிட்டு, கதவண்டை வந்து நிற்கும் அப்பாட்டியின் பேரனைப் பார்த்து, "தம்பி, பூமி சூடாகிவிட்டது, நீ வீட்டிலேயே இரு" என்று சொல்வார்களாயின் அதற்குப் பெயர் அறமன்று. பழைய துரைத்தனமே புதுச்சட்டை போட்டு வந்திருக்கிறது. காட்டை அழித்த கை நம் முன்னோருடையது என்பதை மறுக்கவில்லை. கட்டளை அவர்களுடையதன்று, ஆதாயமும் அவர்களுடையதன்று.

ஆகவே "செல்லாதே" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அன்று நாம் அவ்வாறு சொன்னது பிழை. ஆனால் "எல்லோரும், எப்பொழுதும், எவ்வாறாயினும் செல்க" என்பது விடையாகுமா? அதுவும் ஆகாது. இங்கேதான் நாம் கற்றுவந்த சமத்துவம் இன்னும் ஓரடி நடக்கவேண்டியிருக்கிறது. லயத்துப் பொதுக்குழாயை எண்ணுக. குழாய் எல்லோர்க்கும் பொது. அதனாலேயே ஒருவர் ஐந்து குடம் பிடிக்க விடமாட்டார்கள். வரிசையில் நின்று ஒரு குடம். பின்னர் மீண்டும் வரிசையின் கடைக்குச் செல்லவேண்டும். கங்காணி வீட்டுக் குடம் என்று முன்னே நகர்த்தினால் சண்டை வரும், வந்தது சரியே. குறைந்துபோகும் பொருளில் சம உரிமை என்றால், சமமான அளவும் அதனோடு பிறக்கிறது. உரிமையை வாங்கிக்கொண்டு அளவை மட்டும் தள்ளிவிட முடியாது.

இமயத்திலேயே இரண்டு வழிகளும் அருகருகே நடக்கின்றன. கங்கோத்திரியிலிருந்து கோமுகம் என்னும் பனியாற்று வாய்க்கு ஒரு நாளைக்கு 150 பேர்க்குமேல் விடுவதில்லை என்று வரையறை வைத்தனர். அப்பனியாற்றின் வாய் 1935-ஆம் ஆண்டு அளவையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. வழியிலிருந்த பூர்ச்ச மரங்களை வருவோர்க்கு அடுப்பெரிக்க வெட்டித் தீர்த்திருந்த இடங்களில், ஹர்ஷவந்தி பிஷ்ட் என்னும் மலையேற்ற அம்மையார் பல ஆண்டுகள் முயன்று மீண்டும் கன்றுகள் நட்டார். கேதாரத்திலோ 2023-ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் 19 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். சோன்பிரயாகையிலிருந்து கேதாரம்வரை ஏறத்தாழ 13 கிலோமீட்டருக்குக் கம்பிவழி அமைக்க 2025 மார்ச்சில் இந்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எட்டு ஒன்பது மணிநேர வழி 36 நிமிடமாகும்; நாளொன்றுக்கு 18,000 பேரைக் கொண்டுசெல்லும் என்று கணக்கிட்டுள்ளனர். ஒரு பக்கம் 150, ஒரு பக்கம் 18,000.

கம்பிவழியை வெறுத்துப் பேசுதல் எளிது. முழங்கால் நன்றாயிருப்பவர்க்கு இன்னும் எளிது. முதியோரும் கால் இழந்தோரும் மலை காணவேண்டாவோ? கோவேறு கழுதைகள் சுமை தாளாது வழியில் விழுந்து சாவதைவிட அது மேலன்றோ? கூடைச் சுமை ஒழியுமன்றோ? ஒழியும்; ஆனால் கூடை சுமந்தவர்க்கு மாற்றுப் பிழைப்பு என்னவென்று எவரும் சொல்லக் கேட்டிலோம். நம் தடை கம்பியின்மேல் அன்று, எண்ணின்மேல். முடியாதவர்க்குக் கம்பி, முடிந்தவர்க்குக் கால், இருவர்க்கும் சேர்த்து ஓர் அளவு, அவ்வளவுக்குள் இடம் முறைப்படி, பணப்பையின் கனத்தைப் பார்த்து அன்று. இப்படி ஓர் ஏற்பாடு இருக்குமாயின், நம் முறை பத்தாண்டு கழித்து வந்தாலும் காத்திருப்போம். முறை வருமுன் கண் மூடினாலும் குறையொன்றுமில்லை என்று எழுத நினைத்தோம். ஆனால் கண்டுவிட்ட ஒருவர் அதை எழுதுதல் மலிவான ஈகை ஆகும். ஆதலின் அடித்துவிட்டோம்.

வரிசையே வேண்டாத காட்சிகளும் உண்டு. ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் தேன்பருந்துகள் சுமத்திராவிலிருந்து நீரிணையைக் கடந்து, போர்ட்டிக்சனுக்கு அருகிலுள்ள தஞ்சோங் துவான் முனையில் கரையேறி வடக்கே செல்லும். நடுப்பகலில் வெளிச்சவீட்டண்டை நின்று நிமிர்ந்து பார்த்தால் போதும். ஆயிரம்பேர் நின்று பார்த்தாலும் வானத்துப் பருந்துக்கு ஒன்றுமில்லை. தோட்டத்திலிருந்து பேருந்தில் சென்று வரலாம். நம் கூட்டத்து எண்மருள் அறுவர் அதனைக் கண்டதில்லை, இமயத்தைக் கண்டுவிட்டார்கள்.

காணாமலே போனவையும் உண்டு. நீலாய்ப் பக்கத்திலும் லாபுப் பக்கத்திலும் தோட்டங்கள் பல வீட்டு மனைகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறின. லயம் போயிற்று, பால்மரம் போயிற்று. கடைசிப் பால்மரத்தைப் பார்க்க எவரும் வரிசையில் நிற்கவில்லை. உருகுவது பனியாயிருந்தால் உலகம் பயணச்சீட்டு வாங்குகிறது.

படிப்பகத்துக் கூட்டத்துக்கு மூதாட்டியும் வந்திருந்தார். இளைஞரின் வினாவுக்கு நாம் அன்று விடை சொல்லாமல் தடுமாறி நின்றபொழுது, பின்வரிசைப் பெண்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். பனி எப்படி இருந்தது, வெள்ளையாக இருந்ததா, தொட்டாயா, சுட்டதா என்று கேட்டார்கள். "வெள்ளையெல்லாம் இல்ல. நம்ம செம்பனைக் காட்டு ரோட்டுக் கணக்கா ஒரே கல்லும் மண்ணும்" என்றார். அவர்கள் ஏமாந்து போனார்கள். சற்று நேரம் சும்மா இருந்தார். பின், "காதை வச்சுக் கேட்டேன். உள்ளுக்குள்ள தண்ணி ஓடிக்கிட்டே இருந்துச்சு. ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு குழாயை எவளோ தொறந்து போட்டுட்டுப் போன சத்தம்" என்றார்.